அதிகாரமும் அவப்பெயரும்: பிராங்கிய அரசியர் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

வரலாறு என்றாலே மன்னர்களின் பிறப்பையும் போரையும் இறப்பையும் வரிசைப்படுத்திக் கூறுவது என்னும் எண்ணம் நம் மாணவரிடையே இன்றும் நிலவுகின்றது. மன்னனின் அருகில் அமர்ந்திருந்த அரசியைப் பற்றிப் பாடநூல்கள் ஒரு வரி கூறினாலும் அது பெரும்பாலும் புகழ்ச்சியாகவோ பழிப்பாகவோ அமைந்துவிடுகின்றது. ஒருத்தி புனிதவதி, மற்றொருத்தி கொடியவள். இவ்விரு முத்திரைகளுக்கும் இடையே வாழ்ந்த பெண் யார் என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்வியை எழுப்புதற்கு மிகவும் ஏற்ற களமாக அமைவது இடைக்காலத் தொடக்கத்துப் பிராங்கியர் வரலாறு ஆகும். உரோமைப் பேரரசு மேற்கில் சரிந்த பின்னர், இன்றைய பிரான்சு, பெல்ஜியம், ஜெர்மனியின் மேற்குப் பகுதி ஆகிய நிலங்களில் பிராங்கியர் ஆட்சி வேரூன்றியது. மெரோவிங்கியர் குடி 751 வரையிலும், அதன் பின்னர்க் கரோலிங்கியர் குடியும் அந்நிலங்களை ஆண்டன. இவ்விரு குடிகளிலும் வாழ்ந்த அரசியர் சிலரின் வாழ்வை எடுத்துரைத்து, அவர்தம் அதிகாரம் எவற்றின்மேல் நின்றது, அவர்களைப் பற்றிய சான்றுகளை எவ்வாறு மதிப்பிடுவது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதிகாரத்தின் அடித்தளம்

மெரோவிங்கிய மன்னர் பலர் ஒரே காலத்தில் பல மனைவியரைக் கொண்டிருந்தனர். மனைவி, காமக்கிழத்தி என்னும் வேறுபாடு அக்காலத்தில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. மன்னனுக்குப் பிறந்த ஆண்மகன் எவனும், அவன் தாய் உயர்குடிப் பெண்ணாயினும் பணிப்பெண்ணாயினும், மன்னன் மகனாகவே கருதப்பட்டான். இதனால் இருவகை விளைவுகள் ஏற்பட்டன. அடிமைப் பெண்ணும் அரசியாக உயர இடம் இருந்தது. அதே வேளையில், எவ்வளவு உயர்குடியில் பிறந்த அரசியும் எந்நாளும் விலக்கப்படலாம் என்னும் அச்சமும் இருந்தது.

முதலாம் குளோத்தார் என்னும் மன்னனைப் பற்றி டூர் நகர் ஆயர் கிரெகரி ஒரு செய்தி கூறுகின்றார். அவன் மனைவியாகிய இங்குண்டு, தன் தங்கை ஆர்னெகுண்டுக்குத் தக்க மணமகனைத் தேடித் தருமாறு கணவனை வேண்டினாள். மன்னன் சென்று பார்த்தான். தன்னைவிடத் தக்க மணமகன் இல்லையென்று முடிவு செய்து தானே மணந்துகொண்டான்! படிப்போர்க்கு நகைப்பு விளைவிக்கும் இச்செய்தியின் பின்னே ஒரு தமக்கையின் துயரம் மறைந்து கிடக்கின்றது.

இந்த ஆர்னெகுண்டு வெறும் ஏட்டுப் பெயரல்லள். பாரிசு நகரை அடுத்த செயின்ட் தெனி பேராலயத்தில் 1959ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில் ஒரு கற்பேழை திறக்கப்பட்டது. உள்ளே இருந்த பெண்ணின் விரலில் ஒரு பொன்மோதிரம். அதில் ஆர்னெகுண்டு, அரசி என்னும் பெயரும் பட்டமும் பொறிக்கப்பட்டிருந்தன. அவளுடைய அணிகலன்களில் செந்நிறக் கார்னெட் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அக்காலத்து மெரோவிங்கிய அணிகலன்களில் உள்ள இவ்வகைக் கற்களுள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என அண்மைக்கால ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. நம் மண்ணின் கல் கடல் கடந்து ஒரு பிராங்கிய அரசியின் ஆடையை அழகு செய்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அரசியின் அதிகாரம் நான்கு தூண்களின்மேல் நின்றது எனலாம். முதலாவது, மணக்கொடையாகவும் பரிசாகவும் அவளுக்குக் கிடைத்த நிலமும் கருவூலமும். இரண்டாவது, அரசுரிமை பெறும் மகன். மூன்றாவது, ஆயர்களின் துணை. நான்காவது, அவள் நிறுவிய மடங்கள். இந்நான்கனுள் ஒன்று சரிந்தாலும் ஏனையவை ஆட்டங்காணும். இதனைப் பின்வரும் வாழ்க்கைகள் விளக்கும்.

கத்திரியும் வாளும்

பிராங்கியப் பேரரசுக்கு அடிகோலிய குளோவிஸ் 481இல் அரசனானான். அவன் மணந்தது பர்கண்டி நாட்டு அரசர் குடியைச் சார்ந்த குளோட்டில்டா என்பவளை. அவள் கத்தோலிக்கக் கிறித்தவள். அவனோ பழைய தெய்வங்களை வணங்கியவன். முதல் மகனுக்குத் தாய் திருமுழுக்குச் செய்வித்தாள், குழந்தை இறந்தது. மன்னன் அவளைக் கடிந்துகொண்டான். இரண்டாம் மகனுக்கும் அவள் அதனையே செய்தாள். அவன் நோயுற்றுப் பிழைத்தான். பின்னர் ஒரு போரில் வெற்றி கிட்டியபோது குளோவிஸ் மனம் மாறி, ரீம்ஸ் நகரில் ஆயர் ரெமிஜியுஸ் கையால் திருமுழுக்குப் பெற்றான் என்பது கிரெகரி கூறும் வரலாறு. அந்நிகழ்ச்சியின் ஆண்டு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஐரோப்பாவின் சமய வரலாற்றில் ஒரு திருப்பம் நிகழ்ந்ததற்கு மனைவியின் விடாமுயற்சி காரணமாகக் கூறப்படுவது குறிப்பிடத்தக்கது.

குளோட்டில்டாவின் பெருமையை மட்டுமே அறிந்தவர்கள் அவள் முதுமைக்காலத் துயரத்தை அறிவதில்லை. 511இல் குளோவிஸ் இறந்தான். நாடு நான்கு மைந்தரிடையே பங்கிடப்பட்டது. 524இல் அவர்களுள் ஒருவனாகிய குளோதோமர் போரில் மாண்டான். அவன் விட்டுச் சென்ற சிறுவர் மூவரையும் பாட்டியே வளர்த்தாள். அவர்கள் வளர்ந்தால் நிலத்தில் பங்கு கேட்பார்களே என்று அஞ்சிய சிற்றப்பன்மார் இருவர், முடிசூட்டப் போவதாகக் கூறிச் சிறுவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டனர். பின்னர்த் தூதன் ஒருவன் கையில் ஒரு கத்திரியையும் உருவிய வாளையும் கொடுத்துத் தாயிடம் அனுப்பினர்.

மெரோவிங்கியர்க்கு நீண்ட கூந்தலே அரசுரிமையின் அடையாளம். முடியை வெட்டினால் உரிமை போயிற்று; துறவுமடம் புக வேண்டியதுதான். கத்திரியா, வாளா என்று தூதன் கேட்டபோது, துயரத்தால் நிலைகுலைந்த அம்முதியவள், அரசுரிமை இன்றி முடியிழந்து வாழ்வதினும் அவர்கள் இறப்பதே மேல் என்று கூறிவிட்டாள். தான் சொல்வது இன்னதென்று அறியாமலே அவள் சொன்னாள் என்று கிரெகரி இரங்குகின்றார். தூதன் அவள் மீண்டும் சிந்திக்கும்வரை காத்திருக்கவில்லை. பத்து வயதும் ஏழு வயதும் உடைய இரு சிறுவர் சிற்றப்பன் கையாலேயே கொல்லப்பட்டனர். மூன்றாமவன் காப்பாற்றப்பட்டுத் தன் முடியைத் தானே களைந்து துறவியானான்.

ஒரு சொல் இரண்டு உயிர்களைப் பறித்தது. ஆயினும் அச்சொல்லைச் சொல்ல வைத்தவர் யார்? வாளேந்தியவன் மகன்; பழி மட்டும் தாயின் நாவுக்கு! பேரரசியாக இருந்தவளுக்கு இறுதியில் எஞ்சிய அதிகாரம், இரண்டு கொடுமைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே. அவள் பேரர்களை அடக்கம் செய்துவிட்டு, டூர் நகரில் ஏழைகளுக்குத் தொண்டு புரிந்து எஞ்சிய நாள்களைக் கழித்தாள்.

சிறைப்பட்டவள் எழுப்பிய மடம்

531இல் பிராங்கியர் துரிங்கிய நாட்டை வென்றனர். அரசர் குடியைச் சார்ந்த ராடகுண்டு என்னும் சிறுமி கொள்ளைப் பொருளோடு ஒருத்தியாகக் குளோத்தாரின் பங்கில் சேர்ந்தாள். அவன் அவளுக்குக் கல்வி கற்பித்து, வளர்ந்தபின் மணந்துகொண்டான். தன் குடும்பத்தை அழித்தவனுக்கே மனைவியாகும் கொடுமை அவளுக்கு நேர்ந்தது. பின்னாளில் அவள் தம்பியையும் அம்மன்னன் கொல்லுவித்தான். அதற்குமேல் அவள் அரண்மனையில் தங்கவில்லை. ஆயர் மெதார்துவிடம் சென்று தன்னைத் துறவியாக்குமாறு வேண்டினாள். மன்னனின் ஆட்கள் ஆயரைத் தடுத்தபோதும் அவள் தன் உறுதியைத் தளர்த்தவில்லை.

பொய்த்தியே நகரில் அவள் கன்னியர் மடம் ஒன்றை நிறுவினாள். ஆர்ல் நகர் ஆயர் சீசாரியுஸ் வகுத்த ஒழுங்குமுறையை அங்கு நடைமுறைப்படுத்தினாள். மடத்துப் பெண்கள் அனைவரும் எழுத்தறிவு பெற வேண்டும், நாள்தோறும் இரண்டு மணி நேரம் நூல் படிக்க வேண்டும் என்பன அவ்வொழுங்கின் விதிகளாகும். ஆறாம் நூற்றாண்டில் இத்தகைய விதி ஒன்று இருந்தமை கல்வித்துறையினராகிய நம் நெஞ்சைத் தொடுகின்றது. இத்தாலியிலிருந்து வந்த வெனாந்தியுஸ் போர்த்துனாதுஸ் என்னும் இலத்தீன் கவிஞர் இம்மடத்தின் நண்பரானார். துரிங்கியாவின் அழிவைக் குறித்து ராடகுண்டின் குரலிலேயே அமைந்த புலம்பற் பாடல் ஒன்று அவர் பெயரால் வழங்குகின்றது. அதில் அரசியின் பங்கும் உண்டு என்று கருதும் அறிஞரும் உளர்.

569இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினிடமிருந்து சிலுவையின் துண்டு எனப் போற்றப்பட்ட புனிதப் பொருளை அவள் பெற்றாள். கணவனைத் துறந்த பெண் ஒருத்தி, மடத்திலிருந்தபடியே பேரரசனோடு தொடர்பு கொள்ள முடிந்தது என்பதை நோக்க வேண்டும். 587இல் அவள் இறந்தபோது சுமார் இருநூறு கன்னியர் சூழ்ந்து அழுததைக் கிரெகரி நேரில் கண்டு எழுதியுள்ளார். சில ஆண்டுகளுக்குப் பின்னர், அம்மடத்தைச் சார்ந்த பௌதோனிவியா என்னும் பெண்மணி அவள் வரலாற்றை எழுதினார். ஒரு பெண்ணின் வாழ்வைப் பெண்ணே எழுதியதாக அக்காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் அரிய நூல்களுள் இது ஒன்றாகும்.

பகை மூண்ட இரு அரசியர்

இனி, பிராங்கிய வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இருவரைக் காண்போம். குளோத்தாரின் மகன் சிகிபெர்ட், ஸ்பெயினை ஆண்ட விசிகோத்திய மன்னன் அத்தனகில்டுவின் மகளாகிய புருன்ஹில்டுவை 566ஐ ஒட்டி மணந்தான். இதனைக் கண்ட அவன் உடன்பிறந்தான் சில்பெரிக், அவள் தமக்கை கால்சுவிந்தாவை மணந்தான். திருமணத்திற்கு மறுநாட் காலையில் மணமகன் மணமகளுக்குக் கொடை அளிப்பது அவர்தம் வழக்கம். கால்சுவிந்தா பெற்ற கொடையில் பொர்தோ, லிமோஷ், காவோர் உள்ளிட்ட ஐந்து நகரங்கள் அடங்கின. ஆனால் சில்பெரிக்கின் உள்ளம் பிரெடகுண்டு என்பவளிடம் இருந்தது. கால்சுவிந்தா ஒருநாள் படுக்கையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். சில நாள்களில் பிரெடகுண்டு அரசியானாள்.

575இல் சிகிபெர்ட், பிரெடகுண்டு ஏவிய இருவரால் நஞ்சு தோய்ந்த கத்திகளால் குத்துண்டு இறந்தான். அவன் மகன் சில்டபெர்ட்டுக்கு அப்போது ஐந்து வயது. அயல்நாட்டில் கணவனை இழந்து, செல்வம் பறிக்கப்பட்டு, ரூவான் நகருக்கு அனுப்பப்பட்ட புருன்ஹில்டு அழிந்தாள் என்றே எல்லாரும் எண்ணியிருப்பர். ஆனால் அவள் ஆஸ்திரேசிய நாட்டிற்கு மீண்டாள். மகனின் பெயரால் படிப்படியாக ஆட்சியைத் தன் கைக்குக் கொணர்ந்தாள். 581இல் தன்னைச் சார்ந்த லூப்புஸ் என்னும் தலைவனை எதிரிகள் படைதிரட்டித் தாக்க முற்பட்டபோது, அவள் இரு படைகளுக்கும் நடுவே சென்று நின்று போரைத் தடுத்தாள் என்று கிரெகரி எழுதுகின்றார்.

587இல் ஆந்தெலோ என்னுமிடத்தில் புருன்ஹில்டுவும் அவள் மகனும் பர்கண்டி மன்னன் குன்ட்ராமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வாசகம் இன்றும் கிடைக்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் கொலையுண்ட கால்சுவிந்தாவின் ஐந்து நகரங்கள் தங்கை புருன்ஹில்டுவுக்கு உரியவை என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. காவோர் உடனே அளிக்கப்பட்டது. ஏனையவை குன்ட்ராமின் காலத்திற்குப் பின் சேரும் எனப்பட்டது. அரச குடும்பத்துப் பெண்களின் சொத்துரிமையும் அதில் உறுதி செய்யப்பட்டது. தமக்கையின் குருதிக்கு வாளால் அன்றி, எழுத்தால் ஒரு பங்கேனும் ஈடு பெற்றவள் புருன்ஹில்டு எனலாம்.

அவள் எழுதிய மடல்கள் சிலவும் நமக்குக் கிடைத்துள்ளன. அவள் மகள் இங்குண்டு விசிகோத்திய இளவரசன் ஒருவனை மணந்தாள். அவன் தந்தையை எதிர்த்துக் கிளர்ந்து வீழ்ந்தபின், இங்குண்டு பைசாந்தியர் கையில் அகப்பட்டுக் கான்ஸ்டாண்டிநோபிள் செல்லும் வழியில் இறந்தாள். அவள் கைக்குழந்தை மட்டும் அப்பெருநகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அப்பேரனை மீட்கப் புருன்ஹில்டு பேரரசனுக்கும் பேரரசிக்கும் எழுதினாள். பிள்ளைப் பருவத்துப் பேரனுக்கே ஒரு மடல் விடுத்தாள். படிக்கத் தெரியாத குழந்தைக்கு ஒரு பாட்டி எழுதிய அம்மடல், அரசியல் ஆவணமேயாயினும், படிப்போர் கண்களை ஈரமாக்கவல்லது.

மறுபுறம் பிரெடகுண்டு பணிப்பெண் நிலையிலிருந்து உயர்ந்தவள். கொலைகள் பலவற்றை ஏவியவளாகவே கிரெகரி அவளைக் காட்டுகின்றார். ஆனால் அவரே வேறொரு காட்சியையும் வரைகின்றார். 580இல் கொள்ளைநோய் பரவி அவள் மைந்தர் இருவரைப் பற்றியது. ஏழைகளின் கண்ணீரே நம் பிள்ளைகளைக் கொல்கின்றது என்று கருதிய அவள், தன் நகரங்களின் வரிப் பதிவேடுகளைக் கொணரச் செய்து தீயிலிட்டாள். தயங்கிய கணவனையும் அவ்வாறே செய்யத் தூண்டினாள். குழந்தைகள் பிழைக்கவில்லை. பகைவர் எழுத்திலேயே ஒரு தாயின் துடிப்பு இவ்வாறு பதிவாகியிருப்பது போற்றத்தக்க நேர்மையாகும்.

584இல் அவள் மகள் ரிகுந்து ஸ்பெயின் நாட்டுக்கு மணமகளாகப் புறப்பட்டபோது சீர்ப்பொருள் ஐம்பது வண்டிகளில் ஏற்றப்பட்டது. மக்கள் வியந்து நோக்கியபோது, இவற்றில் அரசு கருவூலத்துப் பொருள் ஒன்றும் இல்லை, என் நிலங்களின் வருவாயாலும் எனக்குக் கிடைத்த பரிசுகளாலும் சேர்ந்தவை என்று அரசி விளக்கம் கூறினாள். அரசிக்கெனத் தனிக் கருவூலம் இருந்தமைக்கு இது தக்க சான்று. அதே ஆண்டில் சில்பெரிக் கொலையுண்டான்; வழியிலேயே அச்சீர்ப்பொருள் கொள்ளை போயிற்று; மணமும் நின்றது. கணவன் வீழ்ந்தவுடன் கருவூலம் கரையும் நிலையாமையை இது காட்டுகின்றது. சில மாதக் குழந்தையாகிய மகன் இரண்டாம் குளோத்தாருடன் பாரிசுப் பேராலயத்தில் தஞ்சம் புகுந்த பிரெடகுண்டு, அவன் சில்பெரிக்கின் மகனே என்று மூன்று ஆயர்களையும் முந்நூறு பெருமக்களையும் ஆணையிட்டுக் கூறச் செய்து அவன் அரசுரிமையைக் காத்தாள். 597இல் அவள் இயற்கையாகவே இறந்தாள்.

புருன்ஹில்டுவின் முடிவோ கொடிது. மகன் இளமையில் இறக்க, பேரர் இருவருக்காகவும், பின்னர்க் கொள்ளுப்பேரனுக்காகவும் அவள் ஆட்சிப் பொறுப்பேற்றாள். பேரர் இருவரும் தம்முள் போரிட்டனர்; பின்னர் இருவரும் அடுத்தடுத்து மாண்டனர். 613இல் பெருமக்கள் அவளைக் கைவிட, பிரெடகுண்டின் மகன் இரண்டாம் குளோத்தார் அவளைப் பிடித்தான். பத்து அரசர் சாவுக்குக் காரணமானவள் என்று குற்றம் சாட்டி, மூன்று நாள் வதைத்து, ஒட்டகத்தின்மேல் ஏற்றிப் படை நடுவே சுற்றி, அடங்காத குதிரையின் வாலில் பிணித்துக் கொன்றான்.

அப்பத்துப் பெயர்களை நாம் நின்று நோக்க வேண்டும். அவர்களுள் ஒருவன் சிகிபெர்ட். அவனைக் கொல்லுவித்தவள் குற்றம் சாட்டியவனின் தாய். அப்பட்டியலிலேயே புருன்ஹில்டுவின் கொள்ளுப்பேரரும் இடம்பெற்றனர். அவர்களுள் இருவரைக் கொல்ல ஆணையிட்டவன் குளோத்தாரே! தான் செய்த கொலையைத் தன்னிடம் சிறைப்பட்ட முதியவள்மீது ஏற்றிய இக்கொடுமையை, அவளைச் சிறிதும் விரும்பாத பிரெடெகார் என்னும் பெயரால் வழங்கும் நூலே நமக்குத் தெரிவிக்கின்றது.

சான்றுகளை எடைபோடுதல்

இவ்விடத்தில் மாணவர்கள் மூன்று வினாக்களை மனத்திற் கொள்ள வேண்டும். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எவர் ஆட்சியில் இருந்து எழுதினார்?

கிரெகரி 573இல் சிகிபெர்ட், புருன்ஹில்டு ஆகியோரின் ஆதரவுடன் ஆயர் பதவி பெற்றவர். ஆதலின் அவர் புருன்ஹில்டுவை நல்லவளாகவும் பிரெடகுண்டைத் தீயவளாகவும் காட்டுவதில் வியப்பில்லை. 594இல் அவர் மறைந்துவிட்டமையால் புருன்ஹில்டுவின் இறுதி இருபது ஆண்டுகளுக்கு அவர் சான்று இல்லை. அதே காலத்தில் போப்பாண்டவர் முதலாம் கிரெகரி அவளுக்குப் பல மடல்கள் எழுதினார். இங்கிலாந்துக்குச் சென்ற அகஸ்டின் குழுவினருக்கு அவள் செய்த உதவியைப் பாராட்டினார். ஆனால் அவள் இறந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, குளோத்தாரின் வழியினர் அரசோச்சிய காலத்தில், யோனாஸ் என்னும் துறவி அவளைப் பழைய விவிலியக் கதையில் வரும் யேசபேல் என்னும் கொடிய அரசிக்கு ஒப்பிட்டார். அவர் போற்றிய கொலும்பானுஸ் என்னும் துறவியை அவளும் அவள் பேரனும் 610இல் நாடுகடத்தியதே அச்சினத்திற்குக் காரணம். வென்றவர் வழி ஓங்க, தோற்றவள் பெயர் கறைபட்டது.

இதனால் புருன்ஹில்டு குற்றமற்றவள் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. அக்காலத்து ஆட்சியாளர் எவர் கையும் தூயதன்று. அதே செயல்களைச் செய்த மன்னன் வீரனாகவும், அரசி பேயாகவும் எழுதப்பட்டதையே சுட்டுகின்றோம்.

விலைக்கு வாங்கப்பட்ட அரசி

பால்தில்டு ஆங்கிலோ சாக்சன் இனத்தவள். அடிமையாகக் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டு, நியூஸ்திரிய அரண்மனைத் தலைமை அதிகாரியாகிய எர்கினோல்டுவின் இல்லத்தில் பணிபுரிந்தாள். அவன் அவளை மணக்க விரும்பியபோது கந்தல்களுக்கிடையே ஒளிந்துகொண்டாள் என அவள் வரலாறு கூறும். பின்னர் மன்னன் இரண்டாம் குளோவிஸ் அவளை மணந்தான். 657இல் அவன் இறக்க, சிறுவனாகிய மகனின் பொருட்டு அவள் ஆட்சி நடத்தினாள். அவள் மைந்தர் மூவரும் மன்னராயினர்.

தான் பட்ட துன்பத்தை அவள் மறந்தாளில்லை. கிறித்தவரைச் சிறைப்பிடித்து அயல்நாடுகளுக்கு விற்பதைத் தடை செய்தாள். பொருள் கொடுத்துப் பலரை, சிறப்பாகத் தன் இனத்தவரை, மீட்டாள். கொர்பி, செல் ஆகிய மடங்களை நிறுவினாள். பின்னர் அரசியல் எதிர்ப்பால் ஆட்சியை விட்டுச் செல் மடம் புகுந்து, ஏவல் செய்யும் எளிய துறவியாக வாழ்ந்து 680ஐ ஒட்டி மறைந்தாள். அம்மடம் பிற்காலத்தில் பெண்கள் நூல்களைப் படியெடுக்கும் இடமாகப் புகழ்பெற்றது. அவளுடையதாகப் போற்றப்படும் துகிலாடை ஒன்று இன்றும் செல் நகரில் பாதுகாக்கப்படுகின்றது. அதில் பொன்மாலைகளும் சிலுவையும் பட்டு நூலால் பின்னப்பட்டுள்ளன. நகையைத் துறந்தவளின் மார்பில் நகையின் உருவம் நூலாக நின்றது! 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே அவள் பெயர் பொறித்த பொன் முத்திரை ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது. அது இவ்வரசியினுடையதே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஆனால் இவளும் பழிக்குத் தப்பவில்லை. இங்கிலாந்து ஆயர் வில்பிரிதுவின் வரலாற்றை எழுதியவர், ஆயர் ஒன்பதின்மரைக் கொல்லுவித்த யேசபேல் என்று இவளைச் சாடுகின்றார். புருன்ஹில்டுவுக்குச் சூட்டப்பட்ட அதே பெயர்! செல் மடத்தில் புனிதவதி. கடலுக்கு அப்பால் கொலைகாரி. பெயர் ஆயத்தமாக இருந்தது. அதிகாரம் செலுத்திய பெண் எவளாயினும் அவளுக்கு அது பொருந்திற்று.

அவையும் ஆணையும்

கரோலிங்கியர் காலத்தில் அரசியின் கடமைகள் மேலும் வரையறுக்கப்பட்டன. அரண்மனையின் ஒழுங்கும், வீரர்களுக்கு ஆண்டுதோறும் அளிக்கும் பரிசுகளும் கருவூல அதிகாரியின் துணையுடன் அரசியின் பொறுப்பில் இருந்தன என்று ரீம்ஸ் பேராயர் ஹிங்க்மர் 882இல் எழுதியுள்ளார். பொறுப்பு வளர்ந்ததற்கேற்பப் பழியும் வளர்ந்தது. பேரரசன் லூயியின் இரண்டாம் மனைவி ஜூடித், தன் மகன் சார்லசுக்கு நாட்டில் பங்கு கேட்டாள். மூத்தாள் மைந்தர் 830இல் கிளர்ந்தெழுந்து, அவள் கற்பின்மீது பழி சுமத்தி, பொய்த்தியே நகரில் மடத்தில் அடைத்தனர். அது வேறு மடமன்று. ராடகுண்டு விடுதலை தேடி எழுப்பிய அதே மடம். ஒருத்திக்குப் புகலிடமாக இருந்தது மற்றொருத்திக்குச் சிறையாயிற்று. மறு ஆண்டு ஆஹென் நகரில் அவையின்முன் ஆணையிட்டு அவள் தன்மீதான பழியைத் துடைத்தாள்.

பக்தாது நகருக்கு வந்த மடல்

நிறைவாக ஒரு செய்தி. மன்னன் இரண்டாம் லோத்தார், தன் மனைவி தியுட்பெர்காவை விலக்கி, வால்த்ராதா என்பவளை அரசியாக்கப் பல்லாண்டு முயன்றான். திருச்சபை இசையவில்லை. ஆதலின் வால்த்ராதாவின் மகள் பெர்த்தா சட்டப்படி பிறந்தவளாகக் கருதப்படவில்லை. இப்பெர்த்தா இத்தாலியின் டஸ்கனி தலைவனை மணந்து செல்வாக்குப் பெற்றாள்.

906ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 293இல், இவள் பக்தாதிலிருந்த அப்பாசியக் கலீபா முக்தபீக்கு நட்பு நாடி ஒரு மடல் விடுத்தாள். வாள், கேடயம், ஈட்டி ஆகியன ஒவ்வொன்றும் ஐம்பது, மேலும் பொன்னிழை ஆடைகள், வேட்டைப் பறவைகள் முதலியனவும் உடன் அனுப்பினாள். அவளிடம் சிறைப்பட்டிருந்த அலீ என்பவரே தூதர். வெண்பட்டில் எழுதப்பட்ட அம்மடலைப் படிக்க வல்லவர் அவையில் இல்லை. கலீபாவின் ஆடைக் கிடங்கில் பணியாற்றிய பிராங்கியர் ஒருவர் அதனைக் கிரேக்கத்தில் பெயர்க்க, புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் அரபியில் பெயர்த்தார். இப்னு நதீமின் நூற்பட்டியலும் இம்மடலைக் குறிப்பிடுகின்றது. ஐதராபாத்தில் பிறந்த பேரறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் 1953இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

அரபு நூல்கள் பெர்த்தாவைப் பிராங்கியரின் அரசி என்றே அழைக்கின்றன. சொந்த நாட்டில் தாய்க்கு மறுக்கப்பட்ட பட்டம் மகளுக்குப் பக்தாதின் ஏடுகளில் கிடைத்தது. இலத்தீன் எழுத்தாளர் அறியாத இம்மடலை அரபு எழுத்தாளர் காத்து வைத்திராவிடில், இவ்வரசியின் வாழ்வில் ஒரு பக்கம் அடியோடு மறைந்திருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பிராங்கிய அரசியர் மன்னரின் நிழலாக மட்டும் வாழ்ந்தவரல்லர் என்பது தெளிவு. அவர்கள் உடன்படிக்கை செய்தனர், வரிப் பதிவேட்டை எரித்தனர், அடிமைகளை மீட்டனர், மடங்களை எழுப்பிப் பெண்களுக்கு எழுத்தறிவித்தனர். ஆயினும் கணவனோ மகனோ வீழ்ந்த அன்றே அவர்தம் அதிகாரம் வீழ்ந்தது. அதன்பின் அவர்தம் பெயரும் பிறர் கைக்கு மாறியது.

மோதிரமும் முத்திரையும் துகிலாடையும் மண்ணிலிருந்தும் பேழையிலிருந்தும் வெளிவந்து இன்று சான்று பகர்கின்றன. ஏட்டிலுள்ள பழியைத் துடைப்பது அவ்வளவு எளிதன்று. அது படிப்போர் கடமை. ஒருத்தியைப் பற்றி ஒருவர் கூறியதை ஏற்குமுன், கூறியவர் யார், அவருக்கும் இவளுக்கும் இடையே இருந்தது என்ன என்று வினவும் பழக்கம் நம் மாணவ மாணவியர்க்கு வாய்க்குமானால், அது வரலாற்று வகுப்பறைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் பயன்படும். ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் நாளிலும் அவ்வினாவை நாம் மறவாதிருப்போமாக.